அக்கா போட மறுத்த விசில்

யுத்தத்தில் இடம்பெயர்ந்திருந்த நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த அடுத்த வருடம் அனர்த்த முகாமைத்துவக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வங்காலையைத் தாண்டிச் சிலாவத்துறைப் பக்கமாகப் போகும் கரையோரத்தில் எங்கள் ஊர். அப்போது ஊரில் வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தகரக் கூரையும் தறப்பாள் சீலைச் சுவரும் கொண்ட கொட்டில்கள்தான். ஒரு பக்கம் கடல். மறுபக்கம், ஆளில்லாத வருடங்களில் தன் இஷ்டத்துக்கு வளர்ந்து கிடந்த உடைமரப் பற்றைக்காடு. மிதிவெடி எடுத்து முடிந்தது என்று பலகை நட்டிருந்தார்கள். ஆனாலும் ஒருவரும் ஒற்றையடிப் பாதையை விட்டுக் கால் வைப்பதில்லை.

மன்னாரில் இருந்து வந்த அதிகாரி, கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் எங்களைக் கூட்டி வைத்துப் புயல், கடற்கோள், படகு விபத்து என்று வெகுநேரம் பேசினார். கடைசியில், "ஆர் இஞ்ச வடிவா எழுதுவினம்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் நான் செயலாளர் ஆனேன். மீனவர் சங்கத் தலைவரே குழுவுக்கும் தலைவரானார். நல்ல மனிதர், ஆனால் எதைச் சொன்னாலும் "ஓம், பாப்பம்" என்பார். பார்ப்பது நான்தான்.

வீட்டுக்கு ஒன்று என்று முதலில் வந்தவை சிவப்புப் பிளாஸ்டிக் விசில்கள். திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்போமே, அந்த வகை. வந்த அன்று ஊர் முழுவதும் ஒரே கீச்சுக் கீச்சு. மறுநாள் பாதி ஊதவில்லை. உள்ளே உருளும் சின்னக் குண்டு எச்சிலில் ஊறி ஒட்டிக்கொண்டது. கடலுக்குக் கொண்டுபோனவர்களின் விசில்களில் உப்பும் மணலும் ஏறிவிட்டன. நான் பஸ் ஏறிக் கந்தோருக்குப் போய் அதிகாரியிடம் சொன்னேன்.

"அப்ப நீங்களே நல்லதொண்டைத் தெரிவு செய்து சொல்லுங்கோ, அதையே வாங்கித் தருவம்" என்றார் அவர், பெரிய உபகாரம் செய்வதைப் போல.

விசில் தெரிவு செய்வது அவ்வளவு பெரிய வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அக்காவையும் கூட்டிக்கொண்டு மன்னார்ப் பசாருக்குப் போனேன். என் அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். புருஷனை இழந்தவள். நான் கல்யாணம் கட்டவில்லை. ஒரே கொட்டிலில் நாங்கள் இருவரும், நிவாரணத்தில் கிடைத்த ஒரு மறியாடும். அக்காவின் குரல் ஊரில் பெயர் போனது. கோயிலில் அவள் பாட்டெடுத்தால் ஒலிபெருக்கி தேவையில்லை. அந்தக் குரலில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் ஒருமுறை சனத்துக்குள் நாங்கள் இருவரும் பிரிந்துபோனோம். அவள் நின்ற இடத்திலேயே நின்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே கண்டுபிடித்தாள். அதனால் விசில் என்ற பேச்செடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எனக்கென்னத்துக்கடி விசில்? அண்டைக்கு உன்னை விசில் ஊதியோ கண்டுபிடிச்சனான்?"

"எல்லாருக்கும் உன்ர தொண்டை இல்லை, அக்கா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

பஸ் முழுவதும் இந்தக் கதைதான். விளையாட்டுச் சாமான் கடையில் வேறு தலையிடி. கடைக்காரர் விசில்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். ஊதிப் பார்க்க விடவில்லை.

"வாயில வைக்கேலாது தங்கச்சி. பிறகு ஆர் வாங்குவினம்?"

"ஊதாமல் எப்பிடியண்ணை விசில் வாங்கிறது?"

"சத்தம் நல்லா வரும். நான் சொல்லுறன்தானே."

நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் அசையவில்லை. சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, தானே உதட்டைக் குவித்து "பீ" என்று சத்தம் போட்டுக் காட்டினார். அக்கா சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் மூன்று வகையில் ஒவ்வொன்று வாங்கினேன். ஒன்று பளபளக்கும் இரும்பு விசில். மற்றது குண்டு உருளும் தடித்த பிளாஸ்டிக். மூன்றாவது குண்டே இல்லாமல் தட்டையாக, இரண்டு பக்கமும் வெட்டு வைத்த ஒரு கறுப்பு விசில். அது பார்வைக்கு ஒன்றுக்கும் உதவாததைப் போலத்தான் இருந்தது.

மறுநாள் பின்னேரம் கடற்கரையில் சோதனை. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சோளகம் தென்மேற்கில் இருந்து வரும் காற்று. அது எழும்பும் மாதங்களில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. சோதிக்க அதுதான் சரியான நேரம் என்று நினைத்தேன். அக்காவைத் தூரத்தில், உடைந்து கிடந்த படகுக்கு அருகே நிறுத்தினேன். சத்தம் கேட்டால் கையை உயர்த்த வேண்டும், கேட்காவிட்டால் பேசாமல் நிற்க வேண்டும். வேறு வேலை இல்லை.

இரும்பு விசிலை ஊதினேன். கையை உயர்த்தினாள். பிளாஸ்டிக்கை ஊதினேன். உயர்த்தினாள். நான் ஒன்றையும் ஊதாமல் நின்றேன். அதற்கும் உயர்த்தினாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"எப்பிடியும் ஊதத்தானே போறாய்? வெயிலுக்க என்னை எவ்வளவு நேரம் நிப்பாட்டப் போறாய்?" என்றாள்.

இடத்தை மாற்றிக்கொண்டோம். நான் படகடியில் நின்றேன், அவள் ஊதினாள். இரும்பு விசிலின் சத்தம் காற்றில் துண்டு துண்டாக வந்தது. குண்டு வைத்த பிளாஸ்டிக் பரவாயில்லை. தட்டைக் கறுப்பு ஊதியபோது என் காதுக்குள் ஊசி ஏறியது போல இருந்தது. பிறகு மூன்றையும் வாளியில் கடல் தண்ணீர் மொண்டு அதற்குள் போட்டு எடுத்தோம். இரும்பு களக் களக் என்றது. குண்டு வைத்தது ஒட்டிக்கொண்டது. கறுப்பை ஒருதரம் உதறிவிட்டு ஊதினால் முன்பு வந்த அதே சத்தம். தெரிவு முடிந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனியனோ? பிணத்தையும் எழுப்பிப்போடும்" என்றாள். அதுதான் எங்களுக்கு வேண்டும் என்றேன்.

சில கிழமைகளில் கறுப்பு விசில்கள் வந்து சேர்ந்தன. பச்சைக் கயிற்றில் கோத்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பாடம்: வெளியில் போகும்போது கழுத்தில் போடவேண்டும். ஆபத்து என்றால் மூன்று தரம் ஊதவேண்டும். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று. ஆட்கள் வரும்வரை விடக்கூடாது. கத்தினால் தொண்டை கட்டும், விசிலுக்குக் கட்டாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு நடந்ததைச் சொன்னால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். சோறு ஆறிப்போகுது என்று புருஷனைக் கூப்பிட விசில். வலை இழுக்க ஆள் சேர்க்க விசில். பந்தடியில் விசில். குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வந்தால் விசில். ஒருநாள் கரையில் இருந்த காவலரணில் இருந்து கடற்படைச் சிப்பாய் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, "என்ன பிரச்சினை? என்ன பிரச்சினை?" என்று கேட்டார். காகம் கலைக்க ஊதியவள் எங்கள் முன்வீட்டுக்காரி. நான்தான் அந்தச் சிப்பாய்க்கு முன் நின்று அசடு வழிந்தேன்.

தலைவரிடம் சொன்னேன். "ஓம், பாப்பம்" என்றார்.

இவர்களாவது ஊதினார்கள். அக்கா அதைத் தொடவும் இல்லை. ஆணியில் மாட்டி வைத்த விசிலை ஒருநாள் காணவில்லை. தேடினால் ஆட்டின் கழுத்தில் தொங்குகிறது.

"அக்கா, இது என்ன வேலை?"

"மணி வாங்கித் தா எண்டு எத்தினை நாளாக் கேக்கிறன். நீ வாங்கித் தந்தியோ? சும்மா கிடக்கிற சாமான்தானே, கட்டிவிட்டனான். வடிவாத்தானே இருக்கு?"

"ஆடு என்னெண்டு ஊதும்?"

"நானும் ஊதப் போறதில்லை, ஆடும் ஊதப் போறதில்லை. எங்க கிடந்தா என்ன?"

அவிழ்க்கப் போனேன். முடிச்சை வலைக் கயிற்று முடிச்சாகப் போட்டிருந்தாள். ஆடு வேறு என்னை முட்டியது. செயலாளர் வீட்டு விசில் ஆட்டுக்குப் போயிற்று என்று ஊரே சிரித்தது. விட்டுவிட்டேன்.

ஒருநாள் மன்னாரில் கூட்டம் முடித்துப் பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டில் அக்கா இல்லை. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. ஆடும் இல்லை. முன்வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மத்தியானமே ஆட்டைத் தேடிப் பத்தைப் பக்கம் போனவா. இன்னும் வரேல்லையோ?" என்றாள். பசியோடு எனக்குக் கோபமும் வந்தது. ஆட்டுக்குப் பின்னால் போனால் இவளுக்கு நேரம் தெரியாது என்று புறுபுறுத்துக்கொண்டே அரிசியைக் கழுவினேன்.

அப்போதுதான் கேட்டது. எங்கோ தூரத்தில் மூன்று தரம். பொடியன்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் மூன்று. விளையாடுகிறவன் எண்ணி, நிறுத்தி ஊதமாட்டான். அக்காதான் என்று பட்டது. அரிசிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன்.

இத்தனை மாதம் நான் தொண்டை வற்றச் சொன்ன பாடம் ஊருக்கு அந்த நேரம் பார்த்து நினைவு வந்தது. முன்வீட்டுக்காரி மூன்று தரம் ஊதினாள். அதைக் கேட்டு அடுத்த வீடு. கரையில் நின்றவர்கள் படகுக்கு ஆபத்து என்று நினைத்துக் கடலைப் பார்த்து ஊதினார்கள். அதைக் கேட்டுப் பந்தடித்தவர்கள். கொஞ்ச நேரத்தில் ஊரின் எல்லா மூலைகளில் இருந்தும் மூன்று மூன்றாகப் பிளந்து கட்டினார்கள். எந்தச் சத்தம் ஆபத்தில் இருப்பவருடையது, எது அதற்குப் பதில் என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொருவரும் ஊதுவதும், "ஆருக்கு? எங்க?" என்று கேட்பதும், மறுபடியும் ஊதுவதும்.

"ஊதாதேங்கோ! ஐயோ, எல்லாரும் வாயை மூடுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். விசில் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. கோயிலடியில் தலைவர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நின்றார். போன வேகத்தில் அவர் வாயில் இருந்து விசிலைப் பிடுங்கினேன். வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதருக்கு நான் அப்படிச் செய்ததில்லை.

"என்ன பிள்ளை!"

"நீங்கள் ஊதினா அக்காவுக்குக் கேக்கும், அவள் ஊதுறது எங்களுக்குக் கேக்குமோ?"

அவருக்கு விளங்கிவிட்டது. கடலில் குரல் கொடுத்துப் பழகிய மனிதர். ஒரு கத்துக் கத்தினார். கோயிலடி அடங்கியது. அங்கிருந்து ஆட்கள் ஓடிப் போய் மற்ற இடங்களையும் அடக்கினார்கள். கடைசி விசிலும் நின்றது. பிறகு காற்று மட்டும்தான்.

நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்து நிறுத்திவிட்டாளோ, அல்லது... அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிவு வரவில்லை. தலைவர் என் கையில் இருந்த விசிலை வாங்கி, ஒரேயொரு தரம் நீளமாக ஊதினார். நிறுத்தினார்.

மூன்று தரம் பதில் வந்தது.

"அங்க!" என்று நான் ஒரு பக்கம் கை காட்டினேன். தண்ணீர்த் தாங்கியடியில் நின்றவர்கள் வேறு கோணத்தில் கை காட்டினார்கள். இரண்டு கையும் போய்ச் சேரும் இடம், பழைய குடியிருப்புகள் இருந்த பற்றை. அதற்குச் சொந்தக்காரர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. தலைவரும் வலைக் கயிறு தூக்கிய இரண்டு இளைஞர்களும் முன்னால், நான் பின்னால். பாதையை விட்டு இறங்கும்போது எல்லோருக்கும் கால் கூசியது. வழி தவறும்போதெல்லாம் நின்று ஒருதரம் ஊதினோம், காத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் மூன்று வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெலனில்லாமல் வந்தது.

திடீரென்று தலைவர் கையை விரித்து எங்களை மறித்தார். சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. அதன்மேல் கொடி படர்ந்து பச்சைப் பாயாகக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு ஓட்டை. அவர் நெஞ்சு நிலத்தில் படப் படுத்துத் தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் ஊர்ந்துபோனேன்.

கீழே, முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில், அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆடு அவள் மடியில். விசில் இன்னும் ஆட்டின் கழுத்தில்தான். ஈரத்தில் இறுகிய அந்த முடிச்சை அவளாலும் அவிழ்க்க முடியவில்லை. ஆட்டின் தலையைத் தன் முகத்தோடு சேர்த்து இழுத்து, கயிறு எட்டும் அளவுக்குக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். ஆடு அவள் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா!"

நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஆட்டுக்குப் பின்னாலேயே விழுந்து, அந்த நேரத்தில் இருந்து தன் குரலை நம்பிக் கத்தியிருக்கிறாள். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. தொண்டை முழுவதும் அடைத்த பிறகுதான் ஆட்டின் கழுத்தைப் பார்த்திருக்கிறாள்.

இளைஞர்களில் ஒருவர் கயிற்றில் இறங்கினார். அக்காவின் இடுப்பில் கயிற்றைக் கட்டப் போனால் அவள் கையைத் தட்டிவிட்டு ஆட்டைக் காட்டினாள்.

"முதல் நீ ஏறு!" என்று நான் மேலிருந்து கத்தினேன்.

தலையை ஆட்டினாள். ஆட்டைத்தான் காட்டினாள்.

"எடியே, ஆடு நாளைக்கும் வாங்கலாம்!"

அசையவே இல்லை. முதலில் ஆடு வந்தது. வந்தவுடன் உதறி எங்கள் எல்லோர் முகத்திலும் சேறடித்தது. பிறகுதான் அக்கா. கணுக்கால் வீங்கி ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதை குண்டும் குழியும். வழி முழுவதும் நான் அவளைத் திட்டினேன். பற்றைக்குள் தனியே போனதற்கு, விசிலை ஆட்டுக்குக் கட்டியதற்கு, முடிச்சுக்கு, ஆட்டை முதலில் ஏற்றியதற்கு, கடற்கரையில் சும்மா கையை உயர்த்தியதற்குக்கூடத் திட்டினேன். எங்கள் வாழ்க்கையில் அவள் பதில் சொல்லாத முதல் சண்டை அது. அவள் சேற்றுக் கையால் என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுக்கவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை.

காலுக்குப் பிளாஸ்டர் போட்டார்கள். சில நாட்கள் அவளுக்குக் குரலே இல்லை. பிறகு மெல்ல வந்தது. வந்ததும் சொன்ன முதல் வசனம்:

"ஏனடி இவ்வளவு பிந்தினனீ?"

ஊரே பதிலுக்கு ஊதிய கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஓம், கேட்டது. என்ன கலியாணவீடோ எண்டு நினைச்சனான். ஒருக்கா ஊதிப்போட்டுப் பேசாமல் இருந்து கேக்கிறதுக்கென்ன? உந்தப் புத்தி ஒருதருக்கும் இல்லையோ?"

"நாங்கள் பிறகு அப்பிடித்தான் செய்தனாங்கள்."

"பிறகுதானே!"

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஊன்றுகோலோடு வந்தாள். முன்வரிசைக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அதிகாரி பேசி முடிக்குமுன் எழுந்து நின்றாள். ஆபத்தில் இருப்பவர் மூன்று ஊதவேண்டும், பதிலுக்கு ஒருவர் மட்டும் ஒன்று ஊதவேண்டும், மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் என்று கேட்கவேண்டும் என்று தான் கண்டுபிடித்ததைப் போலச் சொன்னாள். அதிகாரி, "அம்மா அனுபவத்தில இருந்து சொல்லுறா, இதைத்தான் எல்லா ஊருக்கும் சொல்லவேணும்" என்று புகழ்ந்தார். தலைவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் எழுதுவதற்குக் குனிந்துகொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிறகு காகத்துக்கும் சோற்றுக்கும் ஊதுவது நின்றது. நான் மாதக்கணக்காகக் கத்தியும் நடக்காத காரியம்.

பற்றைக்குள் இன்னும் எத்தனை கிணறுகள் கிடக்கின்றனவோ என்ற பயம் எல்லோருக்கும் வந்தது. அந்த மாதமே ஆண்களும் பெண்களுமாகப் போய், தடியால் தட்டித் தட்டிப் பார்த்து, கண்ட கிணறுகளைச் சுற்றிக் கொடிகளை வெட்டினோம். பனங்குற்றிகளை நட்டு முட்கம்பி இழுத்தோம்.

மழைக்காலம் கழிந்து, அந்தக் காணிக்குச் சொந்தக்காரக் குடும்பம் இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தது. வந்த அன்றே சண்டை. தங்கள் கிணற்றை எவர் முட்கம்பி போட்டு அடைத்தது, முருங்கையை எவர் வெட்டியது என்று அந்த மனிதர் என் வாசலில் வந்து நின்று கேட்டார். உயிர் போகப் பார்த்த இடம் ஐயா என்று நான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"உங்கட கிணத்துக்குக் கட்டு இல்லாமல் விட்டிட்டுப் போனது ஆர்?"

"செல்லும் குண்டும் விழுற நேரம் கட்டு கட்டிப்போட்டோ ஓடுறது?" என்றார் அவர்.

பிறகு அவள் அவரைக் கூட்டிக்கொண்டு, தான் விழுந்த இடத்தைக் காட்டப் போனாள். அதன் பிறகு என்ன பேசினார்களோ தெரியாது. அடுத்த கிழமை அவர்கள் வீட்டு ஆட்களும் எங்கள் ஊர் ஆட்களும் சேர்ந்து அந்தக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினார்கள். ஊறி வந்த தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. எங்கள் ஊரில் மற்றக் கிணறு எல்லாம் சவர். அதுவரை பவுசருக்குக் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள்.

அக்கா முதல் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுப் பார். நான் கண்டுபிடிச்ச கிணறு."

"நீ விழுந்த கிணறு."

"விழாமல் இருந்திருந்தா நீங்கள் கண்டிருப்பியளோ?"

குடித்தேன். நல்ல தண்ணீர்தான். கால் நோவதால் நாளையில் இருந்து நான்தான் போய் அள்ளிவர வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் ஆட்டைக் கட்டப் போனாள்.